வேலைச் சீட்டில் இல்லாத தையல்

ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் வேர்க்காரம்மா. அரைகுறையாகக் கேள்விப்பட்டு வந்த ஒருவர், காமாலைக்கு ஒரு வேர் அரைத்துக் கொடுங்கள் என்று கிண்ணத்தோடு வந்து நின்றதும் உண்டு. அவள் அவரை உட்காரவைத்து, ஜாண்டிஸ் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சுக்காரரின் மஞ்சளிலிருந்து வந்தது, நாம் மஞ்சள் காமாலை என்பதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள் என்று விளக்கி அனுப்பினாள். அவளிடம் இருந்த வேர் அதுதான். கிண்ணம் வெறுமையாகத்தான் திரும்பிப் போயிற்று.

வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம்தான் கையிருப்பு. அதிலும் பாதியைப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். நோயாளிகளின் ஃபைல்களை நோயின் பெயர் பார்த்து அலமாரியில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு பெயரும் சரக்கு ரயில் நீளம். மூன்றாம் நாளே ஒரு சிறுநீரகக்காரரின் ஃபைலை நரம்பு அலமாரியில் செருகிவிட்டாள். அந்த மனுஷர் இரண்டு மணி நேரம் பெஞ்சில் காய்ந்தார். தலைமை நர்ஸ் வந்து அவளைக் கிழி கிழி என்று கிழித்தார்.

அன்று சாயங்காலம், ஆட்டம் கண்ட ஓர் அலமாரிக்கு முட்டுக் கொடுத்திருந்த தடிமனான ஆங்கில அகராதியை உருவிக்கொண்டு, அந்த இடத்தில் இரண்டு செங்கல்லை வைத்தாள். ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும், யாரும் படிக்காத பொடி எழுத்தில், இது கிரேக்கத் துண்டு, இது லத்தீன் துண்டு, இதற்கு இது பொருள் என்று போட்டிருந்தது. ரயிலைப் பெட்டி பெட்டியாகக் கழற்றலாம் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நெஃப்ரோ என்றால் சிறுநீரகம். நியூரோ என்றால் நரம்பு. வாலில் ஐட்டிஸ் வந்தால் அழற்சி. எந்த உறுப்பில் மாட்டினாலும் அதே அழற்சிதான். ஒரே வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளைப் பழைய ஃபைல் அட்டைகளின் முதுகில் எழுதிச் சேர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு ஃபைலும் இடம் மாறியதில்லை.

அத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் ரகசியம் தெரிந்தவர்களுக்கு நாக்கு சும்மா இருக்காதே. ஒருநாள் ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தனக்கு டெர்மடைட்டிஸ் வந்துவிட்டது, இனி எத்தனை நாளோ என்று கண் கலங்கி நின்றார்.

"உள்ள போய் டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று இவள் கேட்டாள்.

"தோலு செவந்து வீங்கி எரியுதுன்னு சொன்னேம்மா."

"டெர்மான்னா தோலு. ஐட்டிஸ்னா செவந்து வீங்கி எரியறது. நீங்க சொன்னதையே அவரு கிரேக்கத்துல திருப்பிச் சொல்லியிருக்காரு. களிம்பைத் தடவிட்டு நிம்மதியாத் தூங்குங்க."

அழுகை நின்றது. அடுத்த கணம் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைச் சொல்லவா காலையிலேர்ந்து என்னை உட்கார வச்சாங்க?" என்று சத்தம் போட்டுக்கொண்டே போனார்.

இன்னொருத்தியிடம் அவள் இடியோபதிக் என்ற சொல்லைக் கழற்றிக் காட்டினாள். தன்பாட்டுக்கு வந்த நோய் என்று பொருள். அதாவது, ஏன் வந்தது என்று டாக்டருக்கும் தெரியாது. அந்தப் பெண் அதை நேராக டாக்டரிடமே போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள் பெரிய சர்ஜன் இவளைக் கூப்பிட்டார். கத்தியைப் பிடிக்கிற கை என்பதாலோ என்னவோ, பேச்சும் கொஞ்சம் கூர்தான். "அம்மா, வார்த்தையை உடைக்கிறது உங்க வேலை இல்ல. ஃபைலை அடுக்குறதுதான் உங்க வேலை." இவள் தலையை ஆட்டினாள். மறுநாளிலிருந்து டீ நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து உடைத்தாள். பொருள் கேட்க வருகிறவர்களின் வரிசையும் அங்கே இடம் மாறிக்கொண்டது.

அவள் புருஷன் தையல்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கடை. ஒரு மெஷின், வெட்டுகிற மேஜை, ஒரு முக்காலி, ஓர் ஆள். முக்காலி வாடிக்கையாளர்களுக்காகப் போட்டது என்று அவர் சொல்லிக்கொள்வார். உண்மையில் அது இவளுக்குத்தான். தினமும் வேலை முடிந்து வரும் வழியில் அதில் உட்கார்ந்து அன்றைக்குக் கிடைத்த ஒரு சொல்லை அவரிடம் கொட்டியாக வேண்டும். மஸில் என்றால் லத்தீனில் சுண்டெலி. தோலுக்கடியில் ஓடுகிற மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். கண்ணின் ப்யூப்பிள் என்றால் சின்னப் பொம்மை. நாமும் பாவை என்றுதானே சொல்கிறோம்! அவர் வாய் நிறைய குண்டூசியைக் கவ்விக்கொண்டு "ம்" என்பார். ஊசிகளை எடுத்த பிறகு, "எலி எங்க வேணா ஓடட்டும், என் துணியைக் கடிக்காம இருந்தா போதும்" என்பார். ஆனால் பொம்மை சொன்ன அன்று மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஊர்க்காரனும் பொண்டாட்டி கண்ணுக்குள்ள உத்துப் பார்த்திருக்கான்" என்றார். அந்தச் சொல்லை மட்டும் அவள் இன்றுவரை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

கடையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். வேலைச் சீட்டு. துணி வந்ததும் அளவு, காலர், கை நீளம், பை எல்லாவற்றையும் சீட்டில் எழுதி, சீட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் துணியில் குத்துவார், மறு பாதியை வாடிக்கையாளரிடம் கொடுப்பார். பாதிச் சீட்டைக் காட்டினால்தான் துணி கைக்கு வரும். சீட்டில் இல்லாத எதையும் பிரமனே வந்து சொன்னாலும் செய்யமாட்டார். ஒரு தலைமையாசிரியர் பை சொல்ல மறந்துவிட்டார். பையில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு, பேனாவை எங்கே செருகுவது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றவரிடம், "சீட்டுல இல்லையே சார்" என்று சொன்ன மகானுபாவர் இவர்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எண்ணெயில் பொரித்ததை ஒரு பிடி பிடித்த பிறகு, வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. சுருண்டுபோனார். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் பதினொரு கற்கள். சர்ஜன் சுற்றி வளைக்காமல் சொன்னார்: வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன், தள்ளிப்போட்டால் பையில் சீழ் பிடிக்கும், அப்புறம் உயிருக்கே ஆபத்து.

தையல்காரர் கொஞ்சமும் அசரவில்லை. ஆபரேஷனின் பெயர் கோலிசிஸ்டெக்டமி என்று படிவத்தில் எழுதியிருந்தது. அந்த நீளத்தைப் பார்த்தே அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. "பெரிய வேலைதான் போலிருக்கு" என்று பெருமையோடு கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை அவருடைய தங்கை பார்க்க வந்தாள். கையில் பழம், கண்ணில் தயாராக நிறுத்திவைத்த கண்ணீர். தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்குச் சொல்வதுபோல அவளுக்கும் இவரே தைரியம் சொன்னார்.

அன்றிரவு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் கெட்டது காரியம். தங்கை சும்மா இருக்காமல் கேட்டாள்: "என்னவோ வாயில நுழையாத பேரைச் சொல்றாங்களே அண்ணி, அப்படின்னா என்ன?"

வேர்க்காரம்மாவின் கண் பளிச்சென்றது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். கேட்டது நாத்தனார், எதிரே உட்கார்ந்திருப்பது நோயாளி என்பதெல்லாம் அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றவே இல்லை. நான்கு கரண்டிகளை எடுத்து வரிசையாக வைத்தாள்.

"இது கோலே, பித்தம். இது சிஸ்ட், பை. இது எக், வெளியே. இது டமி, வெட்டு. ஆக, பித்தப் பையை வெட்டி வெளியே எடுக்கறது. அவ்வளவுதான்!"

தையல்காரர் நான்கு கரண்டிகளையும் உற்றுப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு ஐந்தாவதைத் தேடுவதுபோல மேஜை முழுவதும் கண்ணை ஓட்டினார்.

"தையல் எங்க?"

"எந்தத் தையல்?"

"பித்தம் இருக்கு, பை இருக்கு, வெளியே இருக்கு, வெட்டு இருக்கு. வெட்டின இடத்தைத் தைக்கணுமே. அது எங்க?"

"அது... அது பேர்ல வராதுங்க."

"பேர்ல வராதுன்னா?" என்று கேட்டவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டார். "அப்ப வெட்டி எடுத்துட்டு அப்படியே விட்டுடுவாங்களா?"

தங்கை இதற்காகவே காத்திருந்தாள் போல, கண்ணீரை அவிழ்த்துவிட்டாள். வேர்க்காரம்மா சமாளிக்கப் பார்த்தாள். தையலுக்கு ரஃபி என்று ஒரு கிரேக்கத் துண்டு தனியாக இருக்கிறது, ஆனால் அது இந்தப் பெயரில் இல்லை என்று வேறு உளறிவைத்தாள். உளறியிருக்கக் கூடாது. வார்த்தை இருந்தும் அதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

"சீட்டுல இல்லாத வேலையை எந்த மனுஷன் செய்வான்? நானே செய்யமாட்டேன்" என்றவர், எழுந்து கை கழுவினார். ஆபரேஷனையும் அதோடு சேர்த்துக் கைகழுவிவிட்டார் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் மன்றாடினாள். தனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை மறுபடியும் எடுத்தாள்.

"இதைக் கேளுங்க. சர்ஜரிங்கற வார்த்தையே கிரேக்கத்துலேர்ந்து வந்ததுதான். கையால செய்யற வேலைன்னு அர்த்தம். கைவேலைங்க! உங்க தொழில் மாதிரியேதான்."

"கைவேலையா?" அவர் முகம் இன்னும் வெளுத்தது. "பொத்தான் வைக்கிறது, ஓரம் மடிக்கிறது, அதானே கைவேலை? அதை என்னைக்காவது நான் செஞ்சு பார்த்திருக்கியா? எதிர்வீட்டு அம்மாகிட்ட கொடுத்துடுவேன். இந்த டாக்டர் யார்கிட்ட கொடுப்பாரோ!"

"ஹாஸ்பிட்டல்னா லத்தீன்ல விருந்தாளியைக் கவனிக்கிற இடம். விருந்தாளி மாதிரிப் பார்த்துப்பாங்க."

"விருந்தாளியை வெட்டுவாங்களா?"

"எத்தனை பேருக்கு இதே ஆபரேஷன் செஞ்சிருக்காங்க. எல்லார் ஃபைலும் என் கையாலதான் அடுக்கியிருக்கேன்."

"ஃபைலைத்தானே அடுக்கின? ஆளைத் திறந்து பார்த்தியா?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தங்கை வேறு, "அண்ணா சொல்றதும் ஒரு வகையில நியாயம்தானே அண்ணி" என்று எண்ணெய் ஊற்றினாள். முன்பின் தெரியாத ஆயிரம் பேரின் பயத்தைப் போக்கியவள், கட்டினவருக்கு மட்டும் பயத்தைத் தன் கையாலேயே பரிமாறியிருக்கிறாள். அதை நினைத்து நினைத்துத் தன்னையே நொந்துகொண்டாள்.

புதன்கிழமை காலை சர்ஜனின் அறைக்கு முன்னால் போய் நின்றாள். படிவத்தில் ரஃபி என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், மனுஷர் வந்துவிடுவார் என்று கேட்டாள்.

சர்ஜன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரஃபின்னு எழுதினா அது வேற ஆபரேஷன். செய்யாததை நான் எப்படிம்மா எழுதறது? தையல் எல்லா ஆபரேஷன்லயும் உண்டு. அதனாலதான் யாரும் எழுதறதில்ல. வார்த்தையை உடைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க டாக்டர்."

"கேட்டீங்களா?"

அவள் பதிவேட்டு அறைக்குத் திரும்பி அலமாரிகளுக்கு நடுவே நின்றாள். சுற்றிலும் சொற்கள். ஒன்றைக்கூட உடைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு அகராதியின் மேல் கோபம் வந்தது. அதை மறுபடி அலமாரிக்கு முட்டுக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

மத்தியானம் எதிர்வீட்டு அம்மா ஓடிவந்தாள். கடையில் அவருக்கு மறுபடி வலி. வேர்க்காரம்மா செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் இரண்டு தெருவையும் ஓடிக் கடந்தாள். அவர் வெட்டுகிற மேஜையின் மேல் குப்புறச் சாய்ந்திருந்தார். நெற்றி முழுக்க வியர்வை. அந்த நிலையிலும், மேஜையிலிருந்த துணியில் வியர்வை சொட்டாமல் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிவைத்திருந்தார்.

"வாங்க போகலாம்."

"மாட்டேன்."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. சண்டைக்கு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரோரம் துணிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பாதிச் சீட்டு. ஒன்றைப் பிடித்து இழுத்துப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். மூன்றாவதையும் படித்தாள். பிறகு மூன்றையும் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படிங்க."

"என்னடி இது, இந்த நேரத்துல..."

"படிங்கன்னு சொல்றேன்ல! மார்பு நாப்பது. காலர் இருக்கு. கை நீளம் இருக்கு. பை ரெண்டுன்னு இருக்கு. தைக்கவும்னு எங்க இருக்கு?"

அவர் படித்தார். சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எதுலயுமே இல்ல. அப்ப இந்தத் துணியெல்லாம் வெட்டி அப்படியே மூட்டை கட்டிக் கொடுத்தீங்களா?"

"அது எப்படி? தைக்கிறதை யாராவது எழுதுவாங்களா? அதுதானே வேலையே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

அவள் முக்காலியை இழுத்துப்போட்டு, தினமும் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தாள். குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"இன்னொண்ணு சொல்றேன். இத்தனை வருஷமா வேணும்னே சொல்லாம வச்சிருந்தேன். டெய்லர்ங்கற வார்த்தைக்கு வேர் என்ன தெரியுமா? பழைய பிரெஞ்சுக்காரன் வச்ச பேரு. அவனுக்கு முன்னால லத்தீன். வெட்டுறவன்னு அர்த்தம். அவ்வளவுதான். அதுலயும் தையல் கிடையாது."

வலிக்கு நடுவிலும் அவர் தலை நிமிர்ந்தது. "வெட்டுறவன்னா? கட்டிங் மாஸ்டரா?"

"கட்டிங் மாஸ்டரேதான்."

"லத்தீன்லயேவா?"

"லத்தீன்லயே."

"அப்ப ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னா உங்களைக் கையில பிடிக்க முடியுமா? அதான்." சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகைதான் வந்தது. "எனக்குப் பயமா இருக்குங்க. வார்த்தை நிறையத் தெரிஞ்சு வச்சிருக்கேன். நீங்க இல்லாமப் போனா சாயங்காலம் யார்கிட்ட வந்து சொல்லுவேன்?"

அவர் மேஜையைப் பிடித்து மெல்ல எழுந்து, சீட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். வலியிலும் எழுத்து கோணவில்லை. வேலை: பித்தப்பை எடுப்பது. தையல்: நெருக்கமாக, முடிச்சு உள்பக்கம். டெலிவரி: வியாழக்கிழமை. எழுதியதை ஒருமுறை படித்துவிட்டுச் சீட்டை இரண்டாகக் கிழித்தார்.

"எழுதறதில்லைன்னாலும் எழுதறதுல தப்பில்லையே" என்றார். இதற்கு மேல் இறங்கிவருவார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டு வலியை அடக்கினார்கள். மறுநாள் காலை தள்ளுவண்டியில் படுத்திருந்தவரின் பச்சை அங்கியில் ஒரு பாதிச் சீட்டு குத்தியிருப்பதைப் பார்த்த நர்ஸ் அதைக் கழற்றப் போனாள். அவர் இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். சர்ஜன் வந்தார். குனிந்து படித்தார். வேர்க்காரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துச் சீட்டின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா வைக்கப் பை இருந்ததைத் தையல்காரர் கவனித்து, திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

கதவருகே மற்றப் பாதியை அவள் கையில் வைத்து அழுத்தினார். "இதைக் காட்டினாத்தான் கொடுப்பாங்க. தொலைச்சுடாதே."

கதவு மூடிக்கொண்டது. அதற்கு மேலே தியேட்டர் என்று எழுதியிருந்தது. தியேட்டர் என்றால் கிரேக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற இடம். அவளுக்கு ஒன்றும் பார்க்கக் கிடைக்கவில்லை. பேஷண்ட் என்றால் லத்தீனில் பொறுத்துக்கொள்கிறவர். மயக்க மருந்தில் தூங்குகிற மனுஷர் எதைப் பொறுக்கிறாராம்? பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்து திட்டினாள். பக்கத்திலிருந்த நாத்தனார் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தாள். அதைத் திருத்தவும் இவளுக்குத் தெம்பில்லை. சீட்டை மட்டும் விடவில்லை. உள்ளங்கை ஈரத்தில் அது துவண்டுபோனது.

பத்தரைக்குக் கதவு திறந்தது. சர்ஜன் முகமூடியை இறக்கிக்கொண்டே வெளியே வந்தார். அவள் எழுந்து நின்றாள். கேட்கவேண்டியது ஒரே கேள்விதான். அதற்கு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளில் ஒன்றுகூட வரவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

சர்ஜன் அந்தக் கசங்கிய சீட்டை வாங்கினார். அங்கியிலிருந்து கழற்றிவைத்திருந்த மறு பாதியைத் தன் பையிலிருந்து எடுத்து, கிழிசலோடு கிழிசலைச் சேர்த்துவைத்துப் பார்த்தார்.

"சரியா இருக்கும்மா. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து வாங்கிக்கோங்க."

அவள் அங்கேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். நாத்தனாரின் கண்ணீரெல்லாம் திங்கட்கிழமையே தீர்ந்துபோயிருந்ததால், முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மத்தியானம் அவர் கண்ணை விழித்தார். நாக்கு குழறியது. அங்கியைத் தூக்கிப் பார்க்க முயன்று, முடியாமல் கையைப் போட்டுவிட்டார்.

"தையல்?"

"நாலு இடத்துல. நெருக்கமா. முடிச்சு உள்பக்கம்."

"சீட்டைக் கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன்."

"அப்ப சரி" என்றவர் மறுபடி கண்ணை மூடினார். மூடிய பிறகு, தூக்கத்துக்குப் போகும் வழியில் கேட்டார்: "இன்னைக்கு என்ன வார்த்தை?"

அவள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தாள்.